லண்டன் பரோ கவுன்சிலிடம் பதில் வாங்குவது எப்படி: ஒரு முதியோர் நிலையத்துக்காகப் போராடியதில் கற்றவை

லண்டனில் வாழும் நம்மில் பெரும்பாலோருக்குக் கவுன்சில் என்றால் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து போகும் கவுன்சில் டாக்ஸ், வாசலில் எடுத்து வைக்கும் குப்பைத் தொட்டி, எப்போதாவது கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பார்க்கிங் அபராதம், அவ்வளவுதான். வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்று தெரியும். யாழ்ப்பாண மாநகர சபையில் இப்போது யார் மேயர் என்பதும் தெரியும். நம் தாயாருக்கு வீட்டுக்கு வந்து உதவி செய்யும் பராமரிப்பாளருக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது, நம் தெரு நூலகம் திறந்திருக்கலாமா என்று முடிவெடுக்கும் ஆட்களின் பெயர் தெரியாது.

எங்கள் பரோவில், அதாவது லண்டனில் தனிக் கவுன்சில் உள்ள எங்கள் உள்ளாட்சிப் பகுதியில், முதியோருக்கான பகல்நேர நிலையம் ஒன்றை மூடும் திட்டம் வந்தபோது, அதை எதிர்த்து நின்ற சிலரில் நானும் ஒருத்தி. அந்த அனுபவத்தில் பிறருக்கு உதவக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன். பரோவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏறக்குறைய இதே முறையில்தான் பெரும்பாலான பரோக்களும் இயங்குகின்றன என்பதால் பெயர் தேவையும் இல்லை.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965 ஏப்ரலில் உருவான 32 பரோக்கள் லண்டனில் இருக்கின்றன. சிட்டி ஆஃப் லண்டன் தனி. ஒரு பரோவில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நான்கு இலட்சம் பேர் வரை வசிக்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வார்டு வார்டாகக் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் அந்தக் கவுன்சிலர்கள் எல்லோரும் கூடி எல்லாவற்றையும் முடிவெடுப்பதாக நினைக்கக் கூடாது. 2000ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான பரோக்களில் அதிகாரம் தலைவரிடமும் அவர் தெரிவு செய்யும் கேபினெட்டிடமும் இருக்கிறது. தலைவரையும் சேர்த்துக் கேபினெட்டில் பத்துப் பேருக்கு மேல் இருக்க முடியாது. நியூஹாம், லூயிஷம், ஹாக்னி, டவர் ஹாம்லெட்ஸ், குரோய்டன் ஆகிய ஐந்தில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் அந்த இடத்தில் இருக்கிறார். மற்றக் கவுன்சிலர்கள் வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களிப்பார்கள். கட்டட அனுமதிக் குழுவிலும், கேபினெட்டின் முடிவுகளைக் கேள்வி கேட்டு ஆராயும் ஆய்வுக் குழுவிலும் இருப்பார்கள். நம் வார்டு கவுன்சிலரிடம் போய் "இதை நிறுத்துங்கள்" என்றால் அவரால் நேரடியாக நிறுத்த முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இனி நிலையத்துக்கு வருகிறேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைத் தளச் செங்கல் கட்டடம். என் மாமி, கணவரின் தாயார், செவ்வாயும் வியாழனும் அங்கே போவார். காலையில் கவுன்சில் மினிபஸ் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த இரண்டு நாளும் தமிழ் முதியவர்கள் கூடுதலாக வருவதால் மதியம் சோறும் பருப்பும் இருக்கும். நாற்காலியில் இருந்தபடியே செய்யும் உடற்பயிற்சி, பிறகு 304 சீட்டாட்டம். பக்கவாதம் வந்து பேச்சு ஏறக்குறைய நின்றுபோன ஒரு ஐயா அங்கே இருந்தார். வீட்டில் நாள் முழுவதும் ஒரு சொல்கூடச் சொல்லாதவர், துரும்பு கேட்கும் நேரத்தில் மட்டும் தெளிவாகச் சொல்வார். அவருடைய மகள் இதை என்னிடம் சொல்லும்போது அழுதார். ஒரு கவுன்சில் அறிக்கையில் இந்தக் கட்டடம் "குறைவாகப் பயன்படுத்தப்படும் சொத்து" என்று எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஐயாதான் காரணம்.

செய்தி எங்களுக்குக் கடிதமாக வரவில்லை. "பிள்ளை, சென்டரை மூடப் போகிறார்களாம், பஸ் டிரைவர் சொன்னார்" என்று மாமிதான் வந்து சொன்னார். கவுன்சிலுக்குத் தொலைபேசியில் கேட்டால், "அப்படி எந்த முடிவும் எடுக்கவில்லை, யோசனை நிலையில்தான் இருக்கிறது" என்றார்கள். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஒவ்வொரு கவுன்சிலும் கேபினெட் எடுக்கப்போகும் முக்கிய முடிவுகளைக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய தொகை சம்பந்தப்பட்டதோ இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகளைக் கணிசமாகப் பாதிப்பதோ முக்கிய முடிவு. இந்த அறிவிப்புப் பட்டியலை ஃபார்வர்ட் பிளான் என்பார்கள். கவுன்சில் இணையதளத்தில் ஜனநாயகம், கூட்டங்கள் என்ற பகுதியில் கிடக்கும். அதில் "பகல்நேரச் சேவைகளின் எதிர்காலம்" என்று ஒரு வரி இருந்தது. முடிவெடுக்கும் மாதமும் இருந்தது. அந்த வரியிலிருந்து பின்னோக்கிப் போனோம். பிப்ரவரியில் முழுக் கவுன்சில் நிறைவேற்றிய வரவு செலவுத் திட்டத்தின் பின்னிணைப்பில், சிக்கன நடவடிக்கைகள் என்ற நீண்ட அட்டவணையில், எழுத்து மிகச் சிறிதாக, அடுத்த நிதியாண்டில் பகல்நேரச் சேவைகளில் மிச்சம் பிடிக்கப்போகும் தொகை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. மக்களிடம் கருத்துக் கேட்பது கோடையில்தான் தொடங்கியது. பணத்தை முதலிலேயே கழித்துவிட்டு, அதற்குப் பின் கருத்துக் கேட்டிருக்கிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கேபினெட் கூட்டம் நடக்கும் இரவில் பெரும்பாலும் எதுவும் முடிவாவதில்லை. பிப்ரவரி அட்டவணையில், அதற்கும் முன்பு இலையுதிர் காலத்தில் வரும் வரைவு வரவு செலவுத் திட்டத்தில், அதிகாரிகளும் கேபினெட் உறுப்பினரும் பேசிக்கொள்ளும் அறையில் முடிவு உருவாகிவிடுகிறது. ஆகவே நாம் போக வேண்டிய நேரமும் அதுதான். சட்டப்படி மார்ச் 11க்குள் வரவு செலவுத் திட்டம் நிறைவேற வேண்டும்; அதற்கு முந்தைய சில மாதங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

அதிகாரிகளைக் கெட்டவர்களாகக் காட்டுவது என் நோக்கம் இல்லை. கவுன்சில்கள் பற்றாக்குறை வைத்துத் திட்டம் போடச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2010க்குப் பிறகு மத்திய அரசு தரும் பணம் பெரிதும் குறைந்தது. முதியோர் பராமரிப்பு, பிள்ளைகள் பாதுகாப்பு, வீடற்றோருக்கான தற்காலிக இருப்பிடம் ஆகிய மூன்றும் பெரும் பகுதியைத் தின்றுவிடுகின்றன. எங்கேயாவது வெட்டத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களோடுதான் பேசுகிறோம். ஆனால் யாருடைய குரல் எழாதோ அங்கே வெட்டு விழுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் நிலையத்துக்கு வருபவர்களில் பலருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. கணினியும் தெரியாது.

கருத்துக் கேட்கும் படிவத்தைப் பார்த்தபோது இது இன்னும் தெளிவாகியது. இணையத்தில் மட்டும், ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. "நிலையத்துக்குப் பதிலாக உங்கள் தேவைக்கேற்ற தனிநபர் நிதி வழங்கப்பட்டால் எந்தச் சேவையை விரும்புவீர்கள்?" என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே நான்கு தெரிவுகள். நிலையம் தொடர வேண்டும் என்பது அந்த நான்கில் இல்லை. மூடக் கூடாது என்று நினைப்பவர் அதை எழுதக்கூடிய ஒரே இடம் கடைசிப் பக்கத்தில் இருந்த "வேறு ஏதாவது" என்ற சிறு பெட்டி.

இங்கேதான் இரண்டு நீதிமன்றத் தீர்ப்புகள் எங்களுக்குக் கைகொடுத்தன. 1985இல் பிரென்ட் பரோ சம்பந்தப்பட்ட பள்ளிகள் வழக்கு ஒன்றில் கன்னிங் கோட்பாடுகள் என்று அறியப்படும் நான்கு விதிகள் ஏற்கப்பட்டன. யோசனை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்தில் கருத்துக் கேட்க வேண்டும். மக்கள் அறிவோடு பதில் சொல்லத் தேவையான காரணங்களைத் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். 2014இல் ஹேரிங்கே பரோவுக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றமே இவற்றை உறுதி செய்தது. கவுன்சில் டாக்ஸ் சலுகைக்கு மத்திய அரசு தரும் பணம் குறைந்ததும், அந்தக் குறையை ஏழைகள்மீதே சுமத்துவதுதான் வழி என்பதுபோல ஹேரிங்கே கருத்துக் கேட்டிருந்தது. வரியைக் கூட்டலாம், வேறு செலவைக் குறைக்கலாம், சேமிப்பிலிருந்து எடுக்கலாம் என்ற மாற்று வழிகளை மக்களுக்குச் சொல்லவே இல்லை. அது சட்டத்துக்கு முரண் என்றது நீதிமன்றம்.

நாங்கள் வழக்குக்குப் போகவில்லை. அதற்குப் பணமும் இல்லை. இந்த இரண்டு தீர்ப்புகளையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். தமிழிலும் குஜராத்தியிலும் படிவம் வேண்டும், காகிதப் பிரதி நிலையத்திலேயே வைக்க வேண்டும், மூடாமல் தொடரும் தெரிவையும் சேர்க்க வேண்டும், அவகாசத்தை நீட்ட வேண்டும் என்று கேட்டோம். கடிதத்தைத் துறை அதிகாரிக்கு மட்டும் அனுப்பாமல் மானிட்டரிங் ஆபீசருக்கும் பிரதி போட்டோம். கவுன்சில் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு அந்தப் பதவிக்கு உண்டு. ஒவ்வொரு கவுன்சிலிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அதுவரை எங்கள் மின்னஞ்சல்களுக்கு வந்த பதில்கள் ஒரே வார்ப்பில் இருந்தன. இந்தக் கடிதத்துக்கு ஒரு மனிதர் எழுதிய பதில் வந்தது. காகிதப் படிவமும் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைத்தன, அவகாசமும் நீண்டது. தொடரும் தெரிவை மட்டும் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ஆகவே "வேறு ஏதாவது" பெட்டியை எல்லோரையும் நிரப்ப வைத்தோம். முதியவர்கள் தமிழிலேயே எழுதினார்கள். சிலர் சொல்லச் சொல்ல என் மகள் எழுதிக் கொடுத்தாள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஒரே வாசகத்தை நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்பினால் அறிக்கையில் அது ஒரே வரியாகச் சுருங்கிவிடும். அவரவர் வாழ்க்கையை அவரவர் சொல்லில் எழுதினால், அதைத் தொகுக்கும் அதிகாரி ஒவ்வொன்றையும் படித்தாக வேண்டும். மனுவில் கையெழுத்துத் திரட்டுவதும் நல்லதுதான். குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் பல கவுன்சில்களில் அது விவாதத்துக்கு வரும். ஆனால் எங்கள் விஷயத்தில் அதைவிடப் பயன்பட்டவை அந்தக் கையால் எழுதிய பக்கங்கள்தான்.

அடுத்தது தகவல் கேட்பது. பிரிட்டனில் தகவல் சுதந்திரச் சட்டம் 2000இல் இயற்றப்பட்டு 2005இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒரு மின்னஞ்சல் போதும். கட்டணம் பொதுவாக இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கேள்வி குறுகலாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். "நிலையம் பற்றிய எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால், தேடுவதற்கு 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லி மறுக்கக் கவுன்சிலுக்கு உரிமை உண்டு. "கடந்த மூன்று ஆண்டுகளில் மாதவாரியாக நிலையத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை, அதே மாதங்களில் ஓடிய மினிபஸ் சேவைகளின் எண்ணிக்கை" என்று கேட்டோம்.

மினிபஸ்ஸைச் சேர்த்துக் கேட்கச் சொன்னவர் தபால் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணர். "தங்கச்சி, ஆட்கள் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் வரவில்லை என்று எழுதவில்லையே" என்றார். தலைமைத் தபால் நிலையத்தில் வாழ்நாள் முழுவதும் அட்டவணைகளோடு பழகியவர் அவர்.

பதிலாக ஒரு எக்செல் கோப்பு வந்தது. வந்தவர்களின் எண்ணிக்கை ஓர் இலையுதிர் காலம் வரை ஏறக்குறைய ஒரே அளவில் போய், அதற்கடுத்த மாதத்தில் திடீரென்று விழுந்திருந்தது. பக்கத்து நிரலில், அதே மாதத்திலிருந்து இரண்டாவது மினிபஸ்ஸுக்கு எதிரே பூச்சியம். அதற்குப் பக்கத்தில் யாரோ ஓர் ஊழியர் தனக்காக எழுதி வைத்து, அழிக்க மறந்த குறிப்பு: ஓட்டுநர் இடம் காலி. அதாவது ஓட்டுநர் வேலையை விட்டுப் போனார், புதியவரை எடுக்கவில்லை, பஸ் நின்றது, நடக்க முடியாதவர்கள் வீட்டில் நின்றுவிட்டார்கள். அதைக் கவுன்சில் "தேவை குறைந்துவிட்டது" என்று அறிக்கையில் எழுதியது. அந்த அட்டவணையை அச்செடுத்து மஞ்சள் கோடு போட்டு அண்ணர் எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு நடந்த எந்தக் கூட்டத்திலும் எங்கள் கையில் அந்த ஒரு தாள் இருந்தது.

தகவல் மறுக்கப்பட்டால் முதலில் அதே கவுன்சிலிடம் உள்மறுஆய்வு கேட்க வேண்டும். அதற்குப் பிறகு தகவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போகலாம். வணிக இரகசியம் என்று மறுத்தாலும் பொதுநலன் அதைவிடப் பெரிதா என்று எடைபோட்டதைக் காட்ட வேண்டிய கடமை கவுன்சிலுக்கு உண்டு. அந்த எடைபோட்ட விளக்கத்தைக் கேளுங்கள்.

சமத்துவப் பாதிப்பு மதிப்பீடு என்று ஓர் ஆவணம் கேபினெட் அறிக்கையோடு இணைந்து வரும். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவின்படி, வயது, மாற்றுத்திறன், இனம், பால் போன்றவற்றின் அடிப்படையில் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதை முடிவெடுக்கும் முன்பே உரிய கவனத்தோடு கவுன்சில் பார்க்க வேண்டும். எடுத்தபின் பார்ப்பது செல்லாது. எங்கள் அறிக்கையில் இருந்த அட்டவணையில் வயது, மாற்றுத்திறன் என்ற இடங்களில் பாதிப்பு உண்டு என்று இருந்தது. இனம் என்ற இடத்தில் "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை". நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருக்கும் பதிவேட்டில், சேரும்போதே ஒவ்வொருவரின் மொழியையும் இனத்தையும் எழுதி வாங்குகிறார்கள். தமிழ், குஜராத்தி, சோமாலி முதியவர்கள்தான் அதில் பெரும்பான்மை. கவுன்சில் தன்னிடமே இருந்த பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை. இதைப் படிப்பவர்கள் தங்கள் பரோவில் எந்தச் சேவை வெட்டப்பட்டாலும் அறிக்கையின் கடைசியில் இருக்கும் இந்த இணைப்பை முதலில் படியுங்கள். அவசரத்தில் நிரப்பப்படுவது பெரும்பாலும் அதுதான்.

கேபினெட் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து முழு நாட்களுக்கு முன் வெளியாக வேண்டும். பொதுமக்கள் பேசவோ கேள்வி கேட்கவோ பெயர் கொடுக்க வேண்டிய கடைசி நேரம் ஒவ்வொரு கவுன்சிலின் விதிப்புத்தகத்திலும் வெவ்வேறாக இருக்கும். சில இடங்களில் அறிக்கை வெளியான ஓரிரு நாட்களிலேயே முடிந்துவிடும். கூட்டங்களை ஒழுங்கு செய்யும் டெமாக்ரடிக் சர்வீசஸ் என்ற பிரிவுக்குத் தொலைபேசியில் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் ஒரு கவுன்சிலில் மிக அதிகமாக உதவுபவர்கள் அவர்கள்தான். கூட்டத்தை ஒளிப்பதிவு செய்வதற்கும் 2014 முதல் சட்டப்படி உரிமை உண்டு. யாராவது தடுத்தால் மரியாதையாக அதைச் சொல்லலாம்.

எங்களுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த ஒரு அம்மாவைப் பேச வைத்தோம். என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவார். தயாரித்த தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "உங்கள் அறிக்கையின் 14ஆம் பத்தியில் என்னைத் தேவை குறைந்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை ஏற்ற வந்த பஸ்ஸை நிறுத்தியது யார் என்று எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள் பத்தியைத் தேடித் தாள்களைப் புரட்டினார்கள். தலைவர் நன்றி சொன்னார். சில நிமிடங்களில் பரிந்துரை அப்படியே ஏற்கப்பட்டது. கை உயர்த்தல்கூட இல்லை. "ஒப்புக்கொள்கிறோமா" என்ற கேள்வி, தலையசைப்பு, அடுத்த விடயம்.

அன்று இரவு கார்ப் பார்க்கில் பலரும் இத்தோடு முடிந்தது என்றார்கள். உண்மையில் முடியவில்லை. கேபினெட் முடிவு வெளியானதும், பொதுவாக ஐந்து வேலை நாட்களுக்கு அது நடைமுறைக்கு வராது. அதற்குள் கவுன்சிலின் விதிப்படி குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கவுன்சிலர்கள் கையெழுத்திட்டால், முடிவை ஆய்வுக் குழுவின் முன் கொண்டுவரலாம். இதற்குக் கால்-இன் என்று பெயர். ஆய்வுக் குழுவால் முடிவை மாற்ற முடியாது; காரணம் காட்டிக் கேபினெட்டுக்குத் திருப்பி அனுப்பலாம்.

இந்தக் கட்டத்துக்காக முன்கூட்டியே வேலை செய்திருந்தோம். எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஆளும் கட்சிக் கவுன்சிலர் ஒருவரும் கையெழுத்திட்டார். அவருடைய வார்டு சந்திப்பு நேரத்துக்கு, அதாவது சர்ஜரிக்கு, முதியவர்களைக் கூட்டிக்கொண்டு சிலமுறை போயிருந்தோம். கட்சியைத் திட்டுவதற்காகப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் மஞ்சள் கோடு போட்ட அதே தாளைக் காட்டி, "இதற்கு மட்டும் அதிகாரியிடம் பதில் வாங்கித் தாருங்கள்" என்றோம். ஆளும் கட்சிக்குள்ளிருந்தே ஒருவர் கேள்வி கேட்டால் அதை அரசியல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆய்வுக் குழுக் கூட்டம் கேபினெட்டைப்போல் இல்லை. அங்கே கேள்வி கேட்கிறார்கள், தொடர்ந்து கேட்கிறார்கள். "ஓட்டுநர் இடம் எப்போதிலிருந்து காலி? அறிக்கை எழுதியபோது அது உங்களுக்குத் தெரியுமா?" என்று குழுத் தலைவி கேட்டார். போக்குவரத்து வேறு பிரிவின் பொறுப்பு என்றார் அதிகாரி. "அந்தப் பிரிவும் இதே கவுன்சில்தானே?" என்றார் குழுத் தலைவி. இனம் பற்றிய வரியையும் எடுத்தார்கள். வருகைக் கணக்கையும் சமத்துவ மதிப்பீட்டையும் திருத்தி மறுபடி பரிசீலிக்கும்படி முடிவு திருப்பி அனுப்பப்பட்டது.

நாங்கள் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. மறுபரிசீலனைக்குப் பிறகு நிலையம் மூடப்படாமல், நாட்கள் குறைக்கப்பட்டு, கட்டடத்தை ஒரு தொண்டு நிறுவனம் ஏற்று நடத்தும் ஏற்பாடு வந்தது. செவ்வாயும் வியாழனும் தப்பின. சோமாலி முதியவர்களின் நாள் வேறொரு மண்டபத்துக்குப் போனது. அது அவர்களுக்கு வசதியாக இல்லை, எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. மினிபஸ் மறுபடி ஓடும் என்று அறிக்கையில் எழுதினார்கள்.

எழுதினார்கள், ஓடவில்லை. பெரும்பாலான போராட்டங்கள் தோற்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கூட்டம் முடிந்து படமும் செய்தியும் வந்தபின் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாக்குறுதி எந்தக் கூட்டத்தின் எந்தத் தீர்மானத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, முழுக் கவுன்சில் கூட்டத்துக்கு எழுத்து மூலம் பொதுமக்கள் கேள்வி ஒன்றைக் கொடுத்தோம்: "இன்ன தேதியில் நிறைவேறிய இன்ன தீர்மானத்தின்படி மினிபஸ் எந்தத் தேதியில் தொடங்கும்?" இப்படிக் கேட்கும் கேள்விக்குப் பொறுப்பான கேபினெட் உறுப்பினர் பெயரோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பதில் கூட்டக் குறிப்பில் ஏறுகிறது. பதிலில் ஒரு மாதம் சொல்லப்பட்டது. அந்த மாதக் கடைசியில் பஸ் வந்தது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. குரோய்டன் பரோவில் நடந்ததை லண்டன் தமிழர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2020 அக்டோபரில் வெளித் தணிக்கையாளர் பொதுநலன் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். நவம்பரில் அந்தக் கவுன்சில் 114ஆம் பிரிவின்கீழ் அறிவித்தல் கொடுத்தது. அத்தியாவசியமற்ற புதுச் செலவுகளை நிறுத்துகிறோம், வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்பதுதான் அந்த அறிவித்தலின் பொருள். தன் சொந்த வீட்டுக் கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுத்த பெருங்கடன்கள், சுமார் 3 கோடி பவுண் கொடுத்து வாங்கிய ஹோட்டல் போன்றவை அதன் பின்னணியில் இருந்தன. அவற்றில் எதுவும் இரகசியப் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கவில்லை. கூட்டங்களுக்கு அறிக்கைகள் வந்தன. போதிய அளவு கேள்விகள்தான் வரவில்லை. 2023இல் அங்கே கவுன்சில் டாக்ஸ் ஏறக்குறைய 15 வீதம் உயர்ந்தது. அங்கே வீடு வாங்கிக் குடியிருக்கும் நம்மவர்களும் அதைக் கட்டுகிறார்கள்.

கணக்கைப் பார்க்க நமக்கு இருக்கும் உரிமை வலியது. 2014ஆம் ஆண்டு உள்ளூர்த் தணிக்கைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஆண்டுக்கு 30 வேலை நாட்கள் கவுன்சிலின் கணக்குகள், ஒப்பந்தங்கள், பில்கள், ரசீதுகள் மக்களின் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். உள்ளூர் வாக்காளராக இருந்தால் தணிக்கையாளரிடம் கேள்வி கேட்கலாம், ஆட்சேபமும் தெரிவிக்கலாம். தகவல் சட்டத்தின்கீழ் கிடைக்காத சில ஒப்பந்தங்களை இந்த வழியில் பார்க்க முடியும். 500 பவுணுக்கு மேற்பட்ட செலவுகளை கவுன்சில் இணையத்தில் காலாண்டுக்கு ஒருமுறையாவது வெளியிடவும் வேண்டும். வேலை ஆட்களை அனுப்பும் ஏஜென்சிகளுக்குப் போகும் பணத்தை அதில் பாருங்கள். ஓட்டுநர் இடத்தை நிரப்பப் பணமில்லை என்று சொன்னவர்களிடம் கேட்க எங்களுக்கு அங்கே கேள்விகள் கிடைத்தன.

நம் சமூகத்திடம் எனக்கு ஒரு குறை உண்டு. மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கல் விழாவுக்குக் கவுன்சிலர்களை அழைக்கிறோம், மாலை போடுகிறோம், வேட்டி கட்டவும் வைக்கிறோம். வருவதற்கு அவர்களும் மறுப்பதில்லை. அதே கவுன்சிலர் பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டத்துக்கு எப்படி வாக்களித்தார் என்று யாரும் கேட்பதில்லை. 2014 முதல் அந்த வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார் என்பதைப் பெயரோடு பதிவு செய்வது கட்டாயம். கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு பெயரும் இருக்கும். மாலை போடும் அன்றே மரியாதையாகக் கேட்கலாம், கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். எங்கள் வார்டில் இப்போது கேட்கிறோம்.

இன்னொன்று, வாக்குரிமை. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தால்தான் வாக்களிக்கலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இலங்கையும் இந்தியாவும் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்கள் இங்கே சட்டப்படி வசித்தால் கவுன்சில் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், வாக்குச்சாவடிக்குப் படத்துடன் கூடிய அடையாள அட்டை வேண்டும், அவ்வளவுதான். மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

எல்லா வழியும் அடைபட்டால் ஓம்புட்ஸ்மன், அதாவது கவுன்சில்மீதான முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிப்பவர், இருக்கிறார். உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஓம்புட்ஸ்மனிடம் போகும் முன் கவுன்சிலின் முறைப்பாட்டு நடைமுறையை முடித்திருக்க வேண்டும். பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போவது நல்லது. முடிவு பிடிக்கவில்லை என்பதை அவர் பார்க்க மாட்டார். முடிவெடுத்த முறையில் தவறு இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார். நீதிமன்ற மறுஆய்வுக்கு அவகாசம் இன்னும் குறைவு: தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள், கட்டட அனுமதி விஷயமென்றால் ஆறு வாரம். ஆகவே முதல் நாளிலிருந்தே தேதிகளைக் குறித்து வையுங்கள். தொலைபேசியில் பேசினாலும் பேசி முடித்தவுடன் "நீங்கள் இன்று சொன்னது இது" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். எங்கள் கோப்பில் ஆய்வுக் குழு அதிகமாகப் புரட்டியது அந்த மின்னஞ்சல்களைத்தான்.